செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது: பழைய வண்டிக்கு உதவி வேண்டும்

#1 நீலவண்டி
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. நாலு சிலிண்டர் பெட்ரோல், கார்புரேட்டர், பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது), கையால் இழுக்கும் சோக். நாலைந்து மாதமாக ஸ்டார்ட் செய்வதே பெரும் பாடாக இருக்கிறது. முதலில் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றியது, அதுவும் வண்டி சூடாக இருந்தால் ரொம்ப மோசம். பேட்டரி மாற்றினேன், ஒரு வாரம் சரியாக இருந்த மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி. மெக்கானிக்கிடம் விட்டேன், பிளக் நாலும் மாற்றி, பொறிக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலும் வீக் என்று சொல்லிப் புதுசு போட்டுக் கொடுத்தார். இப்போது செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிக்கிறது, கையை விட்டதும் இரண்டு முறை தடுமாறி அணைந்துவிடுகிறது. நாலு தடவையில் ஒரு தடவை ஆக்ஸிலரேட்டரை வைத்துப் பிடித்து ஓட்டிவிட முடிகிறது, ஆனால் மேட்டில் ஏறும்போது மிஸ் ஆகிறது. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் இங்கே கேட்கலாம் என்று நினைத்தேன். என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

#2 சனிக்கிழமை_ஸ்பேனர்
தம்பி, தயவுசெய்து இனிமேல் எதையும் மாற்றாதீர்கள். இதுவரை மூன்று பொருள் மாற்றியாகிவிட்டது, நோய் போகவில்லை, கூடவே புதுசாக ஒன்று வந்திருக்கிறது. நீங்கள் சொன்னதிலேயே இரண்டு வேறு வேறு புகார் இருக்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றுவது ஒன்று, சாவியை விட்டதும் அணைவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் சில கேள்விகள். செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் போட்டுப் பார்த்தீர்களா, வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது? சாவி திருப்பினால் டக்கென்று ஒரே சத்தமா, டகடகவென்று அடித்துக்கொள்கிறதா? சோக் கேபிள் எப்போதாவது சூடாக இருந்ததா? கடைசிக் கேள்வி வினோதமாகத் தெரியும், ஆனாலும் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

#3 புதுப்பொறி
இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா? பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போட்டுவிடுங்கள். நான் போட்டு வருடக்கணக்கில் தொந்தரவே இல்லை. பாயிண்ட் தேயும், இடைவெளி மாறும், பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சர் போகும், இதையெல்லாம் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

#4 சனிக்கிழமை_ஸ்பேனர்
@புதுப்பொறி கிட் நல்லதுதான், நானும் ஒரு வண்டியில் போட்டிருக்கிறேன். ஆனால் அதுவும் அதே வயரில், அதே எர்த்தில்தான் வேலை செய்ய வேண்டும். மின்சாரமே ஒழுங்காக வராத இடத்தில் கிட் போட்டால் பாயிண்டைவிடச் சீக்கிரம் படுத்துவிடும். வோல்டேஜ் குறைந்தாலும் பாயிண்ட் ஏதோ கொஞ்சம் பொறி கொடுத்துக்கொண்டிருக்கும், சில கிட்கள் ஒரேயடியாக நின்றுவிடும். பழுது தெரிந்து சரிசெய்த பிறகு தாராளமாகப் போடட்டும்.

#5 நீலவண்டி
அண்ணே, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். ஹெட்லைட் நல்லாவே மங்குகிறது, ஆனால் அணையவில்லை. டகடக சத்தம் இல்லை, டக்கென்று எடுத்து மெதுவாகச் சுற்றுகிறது. சோக் கேபிள்... நாலைந்து தடவை செல்ஃப் அடித்துவிட்டுத் தொட்டேன், உண்மையிலேயே சூடாக இருக்கிறது! கார்புரேட்டர் பக்கம் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் உருகிச் சுருங்கியிருக்கிறது. இன்ஜின் சூட்டில் அப்படி ஆகியிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?

#6 மின்கம்பி
நான் சொல்கிறேன். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம், நூறு ஆம்பியருக்கும் மேல் போகும், இன்ஜினிலிருந்து பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காகத்தான் இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் எர்த் ஸ்ட்ராப் இருக்கும். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ மின்சாரம் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் வேறு என்ன இருக்கிறது? சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள். மெல்லிய கேபிள் அவ்வளவு மின்சாரத்தைச் சுமந்தால் சூடாகத்தான் செய்யும். தொடர்ந்து அப்படியே அடித்தால் கேபிள் சிவந்து தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது, பக்கத்திலேயே பெட்ரோல் இருக்கிறது. இதைச் சரிசெய்யும்வரை செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள்.

உறுதிப்படுத்த ஒரே ஒரு சோதனை. காயிலுக்கு வரும் பாசிட்டிவ் வயரைக் கழற்றி, எங்கும் உரசாமல் டேப் சுற்றிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும், கிளாம்ப் லூஸாக இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும். யாரையாவது மூன்று நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த டெர்மினலுக்கும் நடுவில் பாருங்கள், அங்கே அரை வோல்ட்வரை பரவாயில்லை.

#7 நீலவண்டி
எர்த் பக்கம் 1.3 வோல்ட்! பாசிட்டிவ் பக்கம் 0.3 தான். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.4.

#8 மின்கம்பி
பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு சார்ஜில் 12.6 இருக்கும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம், உங்களுடையது 12.5. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகாமல் இருந்தால் நல்ல பேட்டரி. ஆனால் அந்த 10.4இல் 1.3 எர்த்திலேயே தொலைகிறது, பாசிட்டிவ் பக்கத்து 0.3 ஐயும் கழித்தால் செல்ஃப் மோட்டாருக்கு மிச்சம் 9 கூட இல்லை. பழைய பேட்டரியையும் வீணாக மாற்றியிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. வண்டிக்கு அடியில் போய் ஸ்ட்ராப்பைத் தேடுங்கள். நெகட்டிவ் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள், திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

#9 ஈரக்காலம்
நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே புகார் எனக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, வெயில் ஏறினால் ஒரே அடியில் பிடிக்கும். செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது. என்ன பார்க்கலாம்?

#10 சனிக்கிழமை_ஸ்பேனர்
@ஈரக்காலம் உங்களுடையது வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். ஈரம் படிந்திருந்தால் துணியால் துடைத்து உலர்த்துங்கள். பென்சில் கோடு போட்ட மாதிரி மெல்லிசாக ஒரு கறுப்புத் தடம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ ஓடியிருந்தால் அது பொறி ஓடிய பாதை. சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். நடுவில் சின்னதாக ஒரு கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் நிற்கும், அது உடையாமல் மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். அப்புறம் நல்ல இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் பிளக் வயர்களைப் பாருங்கள். வயர் பழசாகிக் கசிந்தால் நீலமாக மினுக்கும்.

#11 நீலவண்டி
கிடைத்துவிட்டது. ஸ்ட்ராப் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருந்தது, மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரிந்தது, கையால் வளைத்ததும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஏழெட்டு இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. புதுசு போட்டேன், இரண்டு முனையும் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தெரியும்வரை உரசி, மாட்டியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். இப்போது எர்த் பக்கம் 0.1 வோல்ட். செல்ஃப் சுற்றும் சத்தத்தைக் கேட்டு அம்மாவே வெளியே வந்துவிட்டார், அப்பா எடுக்கும்போது இப்படித்தான் கேட்கும் என்றார். சோக் கேபிள் குளிர்ச்சியாக இருக்கிறது. ரொம்ப ரொம்ப நன்றி.

ஆனால் இரண்டாவது புகார் அப்படியே இருக்கிறது. சாவியை விட்டால் அணைகிறது.

#12 பழைய_இன்ஜின்
சாவியைப் பிடித்திருக்கும்போது பிடித்து, விட்டதும் அணைந்தால் நான் முதலில் பார்ப்பது பேலஸ்ட் ரெசிஸ்டர். இதன் ஏற்பாடு தெரிந்தால் தேடுவது சுலபம். மின்சார செல்ஃப்பையும் பேட்டரி இக்னிஷனையும் வண்டிக்குக் கொண்டுவந்தவர் ஒருவர்தான், சார்லஸ் கெட்டரிங். 1912 மாடல் கெடிலாக்கில் அந்த செல்ஃப் வந்தது. இரண்டும் ஒரே பேட்டரியில் குடிக்கின்றன. செல்ஃப் மோட்டார் பெரிதாக இழுக்கும் நேரத்தில் காயிலுக்கு வோல்டேஜ் குறையும், பொறி அதிகம் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். அதனால் பிற்காலத்தில் பல வண்டிகளில் ஒரு உபாயம் செய்தார்கள். குறைந்த வோல்டேஜிலேயே நன்றாக வேலை செய்யும் காயிலைப் போட்டு, ஓடும்போது அதற்கு அளவுக்கு மேல் போகாமலிருக்க வழியில் ஒரு ரெசிஸ்டரை வைத்தார்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் சொலினாய்டிலிருந்து (செல்ஃப் மோட்டாரை இயக்கும் சுவிட்ச்) தனி வயரில் பேட்டரி வோல்டேஜ் நேராகக் காயிலுக்குப் போகும். சாவியை விட்டால் ரெசிஸ்டர் வழி. ரெசிஸ்டர் அறுந்துபோனால் உங்கள் புகார்தான் வரும்.

உங்கள் வண்டியில் காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறதா? சில வண்டிகளில் அப்படித் தனியாகத் தெரியாது, வயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் வயராக ஓடும். சாவி ஆன் செய்து காயில் பாசிட்டிவில் எத்தனை வோல்ட் என்று சொல்லுங்கள்.

#13 நீலவண்டி
வெள்ளைக் கட்டி இருக்கிறது. சாவி ஆன், காயில் பாசிட்டிவில் 12.3 வோல்ட். அப்படியென்றால் ரெசிஸ்டர் வேலையே செய்யவில்லையா?

#14 பழைய_இன்ஜின்
அவசரப்படாதீர்கள், அந்த எண்ணை நம்ப முடியாது. பாயிண்ட் திறந்திருக்கும் நேரத்தில் அளந்திருப்பீர்கள். அப்போது மின்சாரமே ஓடாது, ஓடாவிட்டால் ரெசிஸ்டரில் வோல்டேஜ் குறையவும் குறையாது, பேட்டரி வோல்டேஜ்தான் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள், பாயிண்ட் முழுதாக மூடியதும் நிறுத்துங்கள். அப்போது அளந்து உடனே சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும்.

#15 நீலவண்டி
8.1 வோல்ட்.

#16 புதுப்பொறி
எட்டு என்றால் சரியாகத்தானே இருக்கிறது? ரெசிஸ்டர் வேலை செய்கிறது. கண்டென்சரைப் பாருங்கள், என் ஓட்டு அதற்குத்தான்.

#17 பழைய_இன்ஜின்
ரெசிஸ்டர் அறுந்துபோகவில்லை என்பதுவரை சரி. ஆனால் எட்டு எனக்கு உறுத்துகிறது. இந்த ஏற்பாட்டில் காயில் சுமார் 1.5 ஓம், ரெசிஸ்டரும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டும் சமம் என்றால் வோல்டேஜும் பாதிப்பாதியாகப் பிரியும், ஆறு வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். எட்டு வருகிறதென்றால் காயிலின் ஓம் அதிகம். நீலவண்டி, காயிலின் இரண்டு சின்ன வயரையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஓம் பாருங்கள். ரெசிஸ்டரையும் ஒரு பக்கம் கழற்றிப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 அல்லது 0.3 காட்டும், அதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். சின்ன எண்களை அளக்கும்போது இதுவே பெரிய பிழையாகிவிடும்.

இன்னொன்று. சாவியை விட்டால் அணைவது காயில் மாற்றுவதற்கு முன்னால் இருந்ததா?

#18 நீலவண்டி
கழித்தபின் காயில் 3.1, ரெசிஸ்டர் 1.6.

உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். இல்லை, அண்ணே. காயில் மாற்றுவதற்கு முன்னால் மெதுவாகச் சுற்றும், ஆனால் பிடித்துவிட்டால் நிற்காது. மாற்றியபிறகுதான் இது வந்தது. ஒரே தொந்தரவு வளர்ந்துகொண்டே போகிறது என்று நினைத்துவிட்டேன்.

#19 பழைய_இன்ஜின்
அப்படியென்றால் தெரிந்துவிட்டது. உங்களுக்குப் போட்டிருப்பது 3 ஓம் காயில். அது ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு, நேராக 12 வோல்ட்டில் மாட்டுவதற்கு. கெட்ட காயில் இல்லை, இடம் மாறி வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே டப்பா மாதிரிதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். இந்தக் காயில் 12.3 வோல்ட்டில் தனியாக இருந்தால் 12.3 ஐ 3.1 ஆல் வகுத்தால் சுமார் 4 ஆம்பியர். ரெசிஸ்டரும் சேர்ந்தால் 12.3 ஐ 4.7 ஆல் வகுக்க வேண்டும், 2.6 தான் வருகிறது. காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் பொறிக்குக் கிடைப்பது பாதிக்கும் கீழே. செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டரைத் தாண்டி நேராக வருவதால் பிடிக்கிறது, சாவியை விட்டதும் பொறி இளைத்துவிடுகிறது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதைத் தாண்டிக் குதிக்க அதிக வோல்டேஜ் வேண்டும், அது கிடைக்காமல் மிஸ் ஆகிறது.

இரண்டு வழி இருக்கிறது. 1.5 ஓம் காயிலைப் போட்டு ரெசிஸ்டரை அப்படியே விடலாம், இல்லையென்றால் இந்தக் காயிலை வைத்துக்கொண்டு ரெசிஸ்டரின் இரண்டு பக்கத்தையும் வயரால் சேர்க்கலாம். நான் முதலாவதைத்தான் செய்வேன். பிற்பாடு யாராவது அந்த வயரைக் கவனிக்காமல் 1.5 ஓம் காயில் மாட்டினால் பாயிண்டும் காயிலும் கருகும்.

#20 நீலவண்டி
பழைய காயிலை மெக்கானிக் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார், டிக்கியில் அப்பாவின் டூல் பாக்ஸுக்குள்ளேயே கிடந்தது. எடுத்து அளந்தேன். 1.5 ஓம். நடுமுனைக்கும் சின்ன முனைக்கும் சுமார் 9,000 ஓம். நல்ல காயில்! மாட்டினேன், பாயிண்ட் மூடிய நிலையில் இப்போது 6 வோல்ட். சாவியைத் திருப்பினேன், பிடித்தது, கையை விட்டேன், ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு முறை எடுத்து! ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பை இன்ஜினில் எர்த் ஆகும்படி கட்டி வைத்துச் செல்ஃப் அடித்தும் பார்த்தேன். முன்னால் மஞ்சளாக நூல் மாதிரி இருந்த பொறி இப்போது நீலமாகச் சொடுக்குகிறது.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. மேட்டில் மிஸ் ஆவது பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் திடீரென்று மிதித்தால் ஒரு கணம் வெட்டுகிறது.

#21 சனிக்கிழமை_ஸ்பேனர்
தம்பி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வட்ட டப்பா வேக்குவம் அட்வான்ஸ், அதிலிருந்து ஒரு குழாய் கார்புரேட்டர் பக்கம் போகும். அந்தக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வெட்டுவது நின்றால் வெளியிலிருந்து பாயிண்டுக்கு வரும் சின்ன வயரைச் சந்தேகப்படுங்கள். ஆக்ஸிலரேட்டர் மாறும்போதெல்லாம் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு திரும்பும், அந்த வயர் கூடவே வளையும். பல வருடம் வளைந்து வளைந்து மேலுறைக்குள்ளேயே செம்பு அறுந்துவிடும், வெளியே நல்ல வயர் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து, டப்பாவின் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு அசையும், அப்போது வயரை உற்றுப் பாருங்கள். தட்டை உடம்போடு சேர்க்கும் எர்த் வயரையும் விடாதீர்கள்.

திறந்த கையோடு பாயிண்டையும் பாருங்கள். புது பாயிண்ட் போடுவதாக இருந்தால் அதன் மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், பலர் இதை மறந்துவிட்டுப் பொறியே வரவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். இடைவெளி உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதே சரி, நாலு சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும், ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் அதற்குப் பிறகு.

#22 மின்கம்பி
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு உள்ளே சுற்றும் ரோட்டாரையும் பாருங்கள். நடுவில் ரிவெட் அடித்த ரோட்டார்களில் சில, பொறியை அந்த ரிவெட் வழியாகக் கீழே ஷாஃப்டுக்கு விட்டுவிடும். புது ரோட்டாரில்கூட இது நடக்கிறது, புதுசு என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

#23 நீலவண்டி
அறுந்த வயர் கிடைத்தது. உறிஞ்சினேன், தட்டு அசைந்தது, வயர் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி தொய்ந்து மடங்கியது, மேலுறையைக் கீறினால் உள்ளே இரண்டே இழை. நன்றாக வளையும் மெல்லிய பல இழை வயராகப் பார்த்து மாற்றினேன். பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்ததால் பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றி, துடைத்து, இடைவெளி வைத்து, டைமிங் பார்த்தேன். ஒரு வாரமாகக் காலையிலும் வைக்கிறேன், ஓட்டிவிட்டு நிறுத்தியதும் சூட்டிலேயேயும் வைக்கிறேன், ஒவ்வொரு முறையும் பிடிக்கிறது, மேட்டில் வெட்டவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் அப்பா காலத்தில் இருந்த அதேதான்.

பேனட்டின் உள்பக்கம் ஒரு அட்டையில் "காயில் 1.5 ஓம், ரெசிஸ்டர் 1.6 ஓம், ரெசிஸ்டரை எடுக்காதே" என்று எழுதி ஒட்டிவிட்டேன். சோக் கேபிள் மாற்றுவது மட்டும் மிச்சம், உருகிய இடத்தில் சிக்குகிறது.

#24 ஈரக்காலம்
நானும் சொல்லிவிடுகிறேன், மூடிக்குள் அந்தக் கறுப்புத் தடம் இருந்தது. மாற்றினேன், இரண்டு மழை பார்த்தாயிற்று, காலையில் ஒரே அடி. @நீலவண்டி உங்கள் இழையில் புகுந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

#25 பழைய_இன்ஜின்
இருவருக்கும் சந்தோஷம். நீலவண்டி, கேபிள் மாற்றும்போது சோக் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று கார்புரேட்டர் பக்கத்திலேயே பாருங்கள். கொஞ்சம் இழுத்தபடி நின்றால் பெட்ரோல் அதிகமாகி, புது பிளக் கறுத்துவிடும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபிறகு பிளக்கைக் கழற்றிப் படம் போடுங்கள், நிறத்தைப் பார்த்துக் கலவை சரியா என்று சொல்கிறேன்.